வழித்துணையாக வந்தவர்கள்

கொங்குப் பெருவழியின் கதை – பகுதி 14

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக வந்து காவிரியைக் கடந்து, கோயம்புத்தூரைத் தொட்டுப் பாலக்காட்டுக் கணவாய்க்குச் செல்லும் சாலையில், பெருந்துறை ஏறத்தாழ நடுவழியில் அமைந்த ஊர். கொடுமணலின் கல்மணிப் பட்டறைகளும் விசயமங்கலத்துச் சமணக் கோயிலும் சென்னிமலையின் தறிகளும் இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தில் பல நூற்றாண்டுகளாக அயலூராரை வரவேற்று வந்ததை முந்தைய பகுதிகள் விவரித்தன. அத்தகைய சாலைகளில் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் கூடி நடந்ததையும், நடந்தோருள் சிலர் ஊர் திரும்பாமலே போனதையும், அந்த மறைவுகள் காலப்போக்கில் கொலைமர்மக் கதை என்னும் இலக்கிய வகையோடு தொடர்பு கொண்டதையும் இப்பகுதி ஆராய்கிறது.

கொலைமர்மக் கதைகளில் ஒரு தனி வகை உண்டு. அறிமுகமற்ற சிலர் வெளியுலகத் தொடர்பு அறுந்த ஓரிடத்தில், அதாவது ஒரு தீவிலோ மலைமாளிகையிலோ பனியில் சிக்கிய தொடர்வண்டியிலோ அகப்பட்டுக்கொள்ள, அவர்களுள் ஒருவரோ பலரோ கொல்லப்பட, கொன்றவர் அக்கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்னும் முடிவு தவிர்க்க முடியாததாகிவிடும். இவ்வகையை அடைபட்ட களத்துக் கதை என்று இங்கே குறிப்பிடலாம். இது ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகைகளில் பிறந்த ஒரு பொழுதுபோக்கு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வடிவத்தைப் பொறுத்தவரை அக்கருத்தில் தவறில்லை. ஆனால் அவ்வடிவம் நம்பியிருக்கும் தனிமை இடத்தைச் சார்ந்ததைக் காட்டிலும் காலத்தைச் சார்ந்தது. ஒருவர் இறந்த செய்தி அவரைத் தேடக்கூடியவர்களிடம் போய்ச் சேர எத்தனை நாளாகிறது என்பதே அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பதை முடிவு செய்கிறது. அந்த அளவுகோலின்படி பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாற்பது பேர் தங்கிய ஒரு சத்திரத்துத் திண்ணை, கடல் நடுவே கிடந்த எந்தத் தீவையும் விடத் தனிமையானது.

வழிப்பயணத்தின் அச்சம் தமிழுக்குப் புதியதல்ல. வழிச்செல்வோரை மறித்துப் பொருள் பறிப்பவர்களை ஆறலைகள்வர் என்று சங்க இலக்கியம் பெயரிட்டு அழைத்தது. பாலைத்திணைப் பாடல்களில் தலைவனின் பிரிவு தலைவிக்குத் தரும் துயரத்தில், அவன் கடந்து செல்லும் காட்டில் காத்திருக்கும் வில்லாளர்களைப் பற்றிய கவலைக்கும் பங்குண்டு. கொங்குநாட்டில் அவிநாசிக்கு அருகிலுள்ள திருமுருகன்பூண்டித் தலத்தின் வரலாறே ஒரு வழிப்பறியின் வரலாறாக உள்ளது. சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் மணியுமாகத் திரும்பிய சுந்தரரை, சிவபெருமானின் ஏவலால் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து கொள்ளையிட்டதாகவும், அவர் பதிகம் பாடி அப்பொருளை மீட்டதாகவும் பெரியபுராணம் கூறும். தெய்வத்தின் திருவிளையாடல் என்னும் போர்வையை விலக்கிப் பார்த்தால், மேற்கடற்கரையையும் சோழநாட்டையும் இணைத்த பாதையில் பூண்டியின் சுற்றுப்புறம் எத்தகைய பெயரைப் பெற்றிருந்தது என்பது அப்பதிகத்தில் தெளிவாகவே தெரிகிறது.

இந்த அச்சத்துக்குப் பழங்காலத்தார் கண்ட மருந்து கூட்டம். வணிகர்கள் தனித்துச் செல்லாமல் சாத்து எனப்படும் பெருங்குழுவாகச் சென்றனர். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் கழகங்கள் தமக்கெனப் படைவீரர்களை வைத்திருந்தன. அவ்வீரர்களின் காவலில் அமைந்த வணிகத் தங்கிடங்களுக்கு எறிவீரபட்டினம் என்னும் பெயர் கல்வெட்டுகளில் வழங்குகிறது. வணிகக் கழகங்கள் மறைந்து பல தலைமுறைகளுக்குப் பின்னரும், கூட்டமாய்ப் போனால் உயிருக்கு மோசமில்லை என்னும் அந்த அறிவு மட்டும் வழிப்போக்கர்களிடம் நிலைத்திருந்தது. தனியே புறப்பட்டவர் வழியில் ஒரு குழுவைக் கண்டால் அதனோடு சேர்ந்துகொள்வதே முறையாயிற்று. பிற்காலத்துக் கொலைஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்தப் பழக்கமே என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

1799 மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் பவானியையும் தாராபுரத்தையும் தலைமையிடங்களாகக் கொண்ட இரு பிரிவுகளாக ஆளப்பட்டுப் பின்னர் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்ட அந்நிலத்தில், பெருந்துறை ஒரு வட்டத்தின் தலைமையூராக இருந்தது. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே மைசூர் அரசுக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தை மறித்துப் பறித்து, கேட்டவர்களிடம் இரு மலைகளுக்கும் நடுவே ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லியனுப்பியதாகத் தீரன் சின்னமலையைப் பற்றி மக்கள் இன்றும் சொல்லும் கதை இக்காலத்தை ஒட்டியதே. அக்கதையின் வீரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அதில் அடங்கியுள்ள பொருளாதாரத்தை மட்டும் நோக்கினால், அரசின் வருவாயே மூட்டையாகக் கட்டப்பட்டு ஆட்களின் தலைமேலும் மாட்டின் முதுகிலும் சாலை வழியே சென்றது என்பது விளங்கும். அரசுப் பணத்தின் நிலையே அதுவென்றால் தனியாரின் பணம் எவ்வாறு சென்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய் பல மாதச் சம்பளத்தை இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தான். சிறு வணிகன் முதல் முழுவதையும் தன்னோடு கொண்டு சென்றான்.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்த சில காலத்துக்குள் பெங்களூருக்கு அருகில் சுமார் நூறு பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களைச் சாதாரணக் கொள்ளையர் என்று எண்ணியதால் அதிகாரிகள் அப்போது அதிகக் கவனம் செலுத்தவில்லை. 1807இல் சித்தூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே மற்றொரு குழுவினர் பிடிபட்டபோதுதான் உண்மை வெளிவரத் தொடங்கியது. அவர்கள் திருவிதாங்கூர் வரை சென்று, பெரும் பொருளோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடமிருந்து கிடைத்த செய்திகளைத் தொடர்ந்து, சித்தூர் நடுவராக இருந்த வில்லியம் ரைட் என்பவர் வாக்குமூலங்களைத் திரட்டினார். சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய ரிச்சர்டு ஷெர்வுட் அத்தகவல்களைக் கொண்டு எழுதிய கட்டுரை 1816இல் சென்னையிலும், பின்னர் 1820இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியிலும் வெளியாயிற்று. இந்துஸ்தானியில் சுருக்குக்கயிற்றைக் குறிக்கும் பான்சி என்னும் சொல்லிலிருந்து பான்சிகர் என்று அக்கட்டுரை பெயரிட்ட இவர்களே வட இந்தியாவில் தக்கர் என்று அறியப்பட்டவர்கள். தக்கர் என்றதும் மத்திய இந்தியாவையும் நர்மதைக் கரையையும் நினைப்பது இன்று வழக்கமாகிவிட்டபோதிலும், அவர்களைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு சென்னை மாகாணத்தில் எழுதப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஷெர்வுட் விவரிக்கும் முறை பின்வருமாறு அமைந்தது. பத்து முதல் ஐம்பது பேர் வரையிலான, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட ஆட்களைக் கொண்ட குழு, அமைதியான வழிப்போக்கர்களைப் போலத் தோற்றமளித்தது. அதில் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்திருந்தனர். தலைவன் வசதியுள்ள வணிகனைப் போலவும் மற்றவர்கள் அவனுடைய பணியாட்களைப் போலவும் நடந்துகொள்வதுண்டு. சிறுவர்களும் உடன் வந்ததால் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. சத்திரத்திலோ சந்தையிலோ ஒரு வழிப்போக்கரைக் கண்டதும், அவர் எங்கே போகிறார், என்ன வைத்திருக்கிறார், அவரைத் தேடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பேச்சுவாக்கில் அறிந்துகொண்டு, தாமும் அதே ஊருக்குப் போவதாகக் கூறி உடன் சேர்ந்துகொள்வர். பல நாள்கள் ஒன்றாக நடந்து, ஒன்றாகத் தங்கி, அவருடைய நம்பிக்கையைப் பெற்றபின்னரே தகுந்த இடம் தேர்ந்தெடுக்கப்படும். குழு பல பிரிவுகளாகப் பிரிந்து முன்னும் பின்னும் நடந்தது. வழிப்போக்கருக்கு ஒரு பிரிவின்மேல் ஐயம் எழுமானால் அப்பிரிவு விலகிக்கொள்ள, பின்னால் வந்த மற்றொரு பிரிவு தற்செயலாகச் சந்தித்ததைப் போல அவரோடு சேர்ந்து, அவருடைய அச்சத்தைத் தாமும் பகிர்ந்துகொள்வதாகக் காட்டும். பாதைகள் பிரியுமிடத்தில் புழுதியில் இடப்பட்ட அடையாளங்களைக் கண்டு பின்வருவோர் வழியறிந்தனர்.

கொலை சுருக்குக்கயிற்றாலோ துணியாலோ நிகழ்ந்தது. ஒருவரைக் கொல்லக் குறைந்தது இருவர் வேண்டும் என்பது அவர்கள் கொண்டிருந்த விதி. பெரும்பாலும் மூவர் ஈடுபட்டனர். ஒருவன் கழுத்தில் சுருக்கை வீச, மற்றவன் அதன் மறுமுனையைப் பற்ற, மூன்றாமவன் காலை இழுத்து வீழ்த்துவான். கொல்லாமல் கொள்ளையடிப்பதில்லை என்பது அவர்களைப் பிற கள்வரிடமிருந்து வேறுபடுத்திய இயல்பு. உயிரோடு விடப்பட்டவர் பேசுவார் என்பதே அதற்குக் காரணம். உடல்கள் உடனே புதைக்கப்பட்டன. தாம் குடியிருக்கும் ஊர்களின் அருகே அவர்கள் எக்குற்றமும் செய்யாததால், அண்டை வீட்டார் அவர்களை உழவர்களாகவும் வணிகர்களாகவும் மட்டுமே அறிந்திருந்தனர். சித்தூரை அடுத்த பாளையங்களில், அதாவது கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு உட்படாமல் பாளையக்காரர்களின் அதிகாரத்திலிருந்த குன்றுசூழ் நிலப்பகுதிகளில், கொள்ளையில் ஒரு பங்கையோ ஆண்டுக் கட்டணத்தையோ கொடுத்து அவர்கள் பாதுகாப்பாக வாழ்ந்தனர்.

இவ்வாறு கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றிய செய்தி எவ்வாறு வெளிவந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்ப்பது, இப்பகுதியின் மையப் பொருளுக்கு நெருக்கமானது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து திருவிதாங்கூர் சென்று திரும்ப இரண்டு மாதங்களாவது பிடிக்கும். வேலை நிமித்தம் தங்கினால் அரையாண்டும் ஆகலாம். அதுவரை அவருடைய வீட்டார் கவலைப்படுவதற்குக் காரணமே இல்லை. அதன்பின் கவலை எழுந்தாலும் அவர் எந்த ஊர் வரை உயிரோடு சென்றார் என்பதை அறிய வழியில்லை. சத்திரத்து மணியக்காரர் ஒரு குழு வந்ததையும் ஒரு குழு சென்றதையும் பார்த்திருப்பார். வந்தவர்களின் எண்ணிக்கைக்கும் சென்றவர்களின் எண்ணிக்கைக்கும் வேறுபாடு அங்கே இருந்திருக்காது, ஏனெனில் கொலை இரு சத்திரங்களுக்கு இடையே நிகழ்ந்தது. அடுத்த சத்திரத்து மணியக்காரர் அந்த மனிதரைக் கண்டதே இல்லை. தலையாரியின் காவல் அவருடைய ஊர் எல்லையோடு முடிந்துவிடும். எனவே காணாமற்போனவரைக் காய்ச்சல் கொண்டதா, புலி கொண்டதா, அவரே வேறூரில் குடியேறிவிட்டாரா என்பது வீட்டாருக்குத் தெரியாமலே போயிற்று. பிற்காலத்துக் கொலைமர்மக் கதை, கொன்றவர் யார் என்னும் வினாவிலிருந்து தொடங்குகிறது. பெருவழிக் கொலைகளிலோ, கொலை நடந்ததா என்னும் முதல் வினாவைக் கேட்பதற்கே ஆளில்லை.

சத்திரத்துச் சுவர்கள் கொலையைத் தடுக்காத நிலையில், காகிதம் அதனை ஓரளவு தடுத்தது என்பது சுவையான செய்தி. 1810 ஏப்ரலில் வங்காளப் படையின் தளபதிகளுள் ஒருவரான செயின்ட் லெஜர் ஓர் ஆணை பிறப்பித்தார். விடுப்பில் செல்லும் சிப்பாய்கள் ரொக்கத்தைக் கையில் கொண்டு செல்ல வேண்டாம், சம்பளத்தை உண்டியலாக மாற்றிக்கொள்ளலாம், வழியில் அறிமுகமாகும் அந்நியரோடு சேர வேண்டாம் என்பது அதன் சாரம். உண்டியல் என்பது ஓரூரில் பணம் செலுத்தி வேற்றூரில் பெற்றுக்கொள்ள வணிகர் எழுதித்தரும் முறி. இடுப்பில் பணமில்லாத மனிதனைக் கொல்வதில் ஆதாயமில்லை. 1880இல் அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியபோது அதன் பயன்களுள் ஒன்றாக உயிர்க்காப்பை எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் அது அந்த வேலையையும் செய்தது.

நீதிமன்றங்களின் பக்கம் நிலைமை வேறு. அக்காலத்துக் கம்பெனி நீதிமன்றங்கள் குற்றவியல் வழக்குகளில் இஸ்லாமியச் சட்ட நெறிகளைப் பின்பற்றின. உடந்தையாக இருந்தவரே மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் அப்ரூவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக் கொலைத்தண்டனை விதிக்க அந்நெறிகள் எளிதில் இடம்தரவில்லை. உடலும் இல்லை, கண்டவரும் இல்லை என்னும் வழக்கில் அப்ரூவரைத் தவிர வேறு சாட்சி ஏது? சித்தூரில் தொடங்கிய முயற்சி இத்தடையால் தளர்ந்தது. 1830களில் கம்பெனி அதிகாரியான வில்லியம் ஸ்லீமன் மத்திய இந்தியாவில் அதே முறையை, சட்டத்தின் துணையோடு, பெருமளவில் நடத்தினார். 1836ஆம் ஆண்டின் 30ஆவது சட்டம், குறிப்பிட்ட கொலையில் ஈடுபட்டதாக மெய்ப்பிக்காமலே, தக்கர் குழுவைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் காட்டி ஒருவருக்கு வாழ்நாள் சிறை விதிக்க வழிவகுத்தது. இதற்கெனத் தோன்றிய தனித்துறை 1904 வரை நீடித்தது.

இவ்விடத்தில் வரலாற்றாய்வாளர்களின் எச்சரிக்கையைப் பதிவு செய்வது கடமையாகிறது. காளியை வழிபட்டு, பரம்பரை பரம்பரையாகக் கொலையையே சமயச் சடங்காகச் செய்த ஓர் இரகசியக் கூட்டம் இந்தியா முழுவதும் பரவியிருந்தது என்னும் சித்திரம் ஸ்லீமனின் காலத்தில் உருவாகிப் பெருகியது. 1969இல் ஸ்டூவர்ட் கார்டனும், பின்னர் ராதிகா சிங்காவும், 2007இல் கிம் வாக்னரும் அச்சித்திரத்தை வெவ்வேறு கோணங்களில் கேள்விக்குட்படுத்தினர். வழிக்கொலைகள் நிகழ்ந்ததை மறுக்க வேண்டியதில்லை. போர்கள் முடிந்து படைகள் கலைக்கப்பட்ட நாட்டில், பிழைப்பற்ற ஆட்களும் அவர்களிடம் பங்கு கேட்ட உள்ளூர் அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய தொழிலாக அவற்றை விளக்கலாம் என்பது வாக்னரின் வாதத்தின் போக்கு. பாளையக்காரர்களின் பங்கைப் பற்றி ஷெர்வுட் தரும் செய்தி இவ்விளக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. கூட்டத்தைக் காட்டித் தண்டிக்கும் சட்டமுறையோ அங்கே நின்றுவிடவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் அதன் வழியில் வந்தது; 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, ஊர் ஊராகச் சென்று உப்பும் தானியமும் கூடையும் விற்றுப் பிழைத்த குறவர் முதலிய நாடோடிச் சமூகங்கள் பிறப்பினாலேயே ஐயத்துக்குரியவர்களாயினர். அந்நியரைப் பற்றிய அச்சத்துக்கு உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் இவர்களே.

வழிக்கொலை ஏட்டில் ஏறியபின் இலக்கியத்துக்குள் நுழைய அதிகக் காலம் பிடிக்கவில்லை. ஐதராபாத் நிசாமின் பணியிலிருந்த மெடோஸ் டெய்லர், ஒரு தக்கனின் வாக்குமூலம் என்னும் வடிவில் எழுதிய நாவல் 1839இல் இலண்டனில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதில் மர்மம் ஏதுமில்லை, கொலைகாரனே கதைசொல்லி. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், ஆங்கிலத்தின் முதல் முழுமையான துப்பறியும் நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படும் 'மூன்ஸ்டோன்' நூலை வில்கி காலின்ஸ் வெளியிட்டார். அதன் கதை 1799இல் சீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து கவர்ந்த வைரத்திலிருந்து தொடங்குகிறது. கொங்குநாட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததும், ஆங்கிலத் துப்பறியும் நாவலுக்கு முதற்காட்சி தந்ததும் ஒரே முற்றுகை என்பது தற்செயல்தான். ஆயினும் காலின்ஸின் கதையில் அச்சத்துக்குரிய அந்நியர்களாக இங்கிலாந்துக்கு வரும் இந்தியர்கள் வழிப்போக்கு வித்தைக்காரர்களாக வேடம் புனைந்திருப்பதை, அத்தலைமுறை வாசகரின் மனத்தில் தக்கர் கதைகள் விட்டுச்சென்ற நிழலாகக் கொள்ள இடமுண்டு.

இதற்கிடையே செய்தியின் வேகம் மாறிவிட்டிருந்தது. 1845ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் இங்கிலாந்தின் ஸ்லவ் என்னும் ஊரில் ஒரு பெண்ணை நஞ்சூட்டிக் கொன்றுவிட்டு இரயிலேறிய ஜான் டாவெல் என்பவன், அவன் இலண்டன் சென்று சேருமுன்பே தந்தி சென்று சேர்ந்ததால் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டான். கொலைகாரனை விடச் செய்தி வேகமாக ஓடிய முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. தமிழகத்தில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ஓடத் தொடங்கிய இரயில், 1862இல் சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்கடற்கரையின் பேப்பூரை எட்டியது. இரண்டு மாத நடை இரண்டு நாள் பயணமாகச் சுருங்கியது. பாதை ஈரோட்டைத் தொட்டுச் சென்றதால் பெருந்துறையின் பெருவழி மதிப்புக் குறைந்து, வட்டத்தின் தலைமையிடமும் காலப்போக்கில் ஈரோட்டுக்கே சென்றுவிட்டது. 1859ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஒரே காவல்துறை அமைந்திருந்ததால், குற்றத்தைத் தேடுவோரின் அதிகாரம் ஊரெல்லையில் முடிந்துபோகும் நிலையும் மாறியது.

செய்தி இவ்வளவு விரைவாகச் செல்லும் உலகில், அந்நியர் நடுவே நிகழும் கொலையைப் பற்றி எழுத விரும்பும் கதாசிரியர் முதலில் செய்தியை நிறுத்த வேண்டியவராகிறார். அடைபட்ட களம் என்னும் உத்தி பிறந்தது இந்தத் தேவையிலிருந்தே. 1929இல் துருக்கியின் செர்கஸ்கொய் அருகே ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வண்டி பனிப்புயலில் சிக்கிப் பல நாள்கள் நின்றது. 1934இல் வெளியான அகதா கிறிஸ்டியின் நாவல் அவ்வாறு நின்ற வண்டியையே களமாகக் கொண்டது. 1939இல் அவர் எழுதிய தீவுக் கதையில், பொய்க் கடிதங்களால் வரவழைக்கப்பட்ட, பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் புயலால் படகு வராத தீவில் ஒவ்வொருவராக இறக்கின்றனர். சட்டம் தொட முடியாத பழைய கொலைகளுக்குப் பொறுப்பானவர்கள் என்பது மட்டுமே அப்பத்துப் பேருக்கும் பொதுவானது. பனியும் புயலும் இக்கதைகளில் செய்யும் வேலை, 1807இல் நடைப்பயணத்தின் மந்தகதி தானாகவே செய்த வேலை. கிறிஸ்டியின் உலகளாவிய செல்வாக்குக்கு அவருடைய புதிர்த்திறனோடு இந்த ஏக்கத்துக்கும், அதாவது தந்திக்கு எட்டாத ஓரிடம் இன்னும் இருக்கிறது என்னும் கற்பனைக்கும், பங்குண்டு.

தமிழில் துப்பறியும் கதை 1894இல் பண்டித நடேச சாஸ்திரி வெளியிட்ட 'தானவன்' தொகுப்போடு தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். அவருக்குப்பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் இவ்வகையைப் பெருக்கினர். ஆங்கிலக் கதைகளைத் தழுவும்போது இவர்கள் இலண்டனை எளிதாகச் சென்னையாகவோ தஞ்சையாகவோ மாற்றிவிட்டனர். ஆனால் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரு வீட்டில் பல நாள் தங்குவது என்னும் நிலையைத் தமிழ் மண்ணில் ஊன்றுவது எளிதாக இருக்கவில்லை. இரண்டு பேர் சந்தித்த அரைமணிக்குள் எந்த ஊர், யார் வீடு, யாருக்கு உறவு என்று விசாரித்து ஏதேனும் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்துவிடும் சமூகம் இது. கொங்குப் பகுதியில் அவ்விசாரணை கூட்டம் என்னும் குலப்பிரிவு வரை சென்று, பங்காளியா மாமன் மச்சானா என்பது தெளிந்தபின்னரே பேச்சு அடுத்த பொருளுக்கு நகரும். அந்நியர் நீண்ட நேரம் அந்நியராக இருப்பதற்கு இங்கே இடமில்லை.

தமிழ்த் திரைப்படம் இச்சிக்கலைத் தீர்த்த விதம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. வீணைக் கலைஞரும் இயக்குநருமான எஸ். பாலசந்தர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய 'அந்த நாள்', பாடல்களே இல்லாமல் வெளிவந்த தமிழ்ப்படம். 1943இல் சென்னைமீது குண்டு விழுந்த நாளையொட்டி நடக்கும் கொலையை, ஒரு காவல் அதிகாரி ஒவ்வொருவரின் பார்வையாகக் கேட்டறிவது அதன் அமைப்பு. அதில் ஐயத்துக்குள்ளாகும் ஐவருள் கொல்லப்பட்டவரின் தம்பியும் தம்பி மனைவியும் மனைவியும் உள்ளனர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் காதலி ஒருத்தியுமே வெளியார். கிறிஸ்டியின் தீவுக் கதையைத் தழுவி அவர் உருவாக்கிய 'நடு இரவில்' 1970இல் திரைக்கு வந்தது. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ முதலியோருடன் பாலசந்தரும் நடித்த அப்படத்தில் தீவு இருக்கிறது, மாளிகை இருக்கிறது, ஒருவர்பின் ஒருவராக மாளும் விருந்தினர்களும் இருக்கின்றனர். அந்நியர்கள் மட்டும் இல்லை. மாளிகைக்கு வருபவர்கள் அதன் உடைமையாளருடைய உறவினர்கள். அவர்களுடைய கண் சொத்தின்மேல் இருக்கிறது.

அதே மூலக்கதையின் செல்வாக்கோடு இந்தியில் ராஜா நவாதே இயக்கி 1965இல் வெளியான 'கும்நாம்' வேறு வழியில் சென்றது. பரிசுச் சுற்றுலாவில் விமானம் ஏறிய அந்நியர்கள் ஆளரவமற்ற கரையில் கைவிடப்பட, பாழடைந்த மாளிகையில் கொலைகள் தொடர்கின்றன. பம்பாய் போன்ற பெருநகரின் திரையுலகுக்கு அந்நியர் கூட்டம் இயல்பானதாகத் தோன்றியிருக்கலாம். தமிழில் 1967இன் 'அதே கண்கள்' படமும் குடும்ப மாளிகைக்குள்ளேயே கொலைகளை வைத்தது. மூலத்தின் நுட்பத்தை இம்மாற்றம் குறைத்துவிட்டது என்று திறனாய்வாளர் ஒருவர் சொல்லக்கூடும். கிறிஸ்டியின் பத்துப் பேரைப் பிணைக்கும் அறவியல் முடிச்சு இங்கே அவிழ்ந்துபோவது உண்மையே. ஆனால் ஈடாகக் கிடைப்பது சிறிதல்ல. பாகப்பிரிவினை வழக்குகளால் நீதிமன்றங்கள் நிரம்பி வழியும் நாட்டில், உயில் வாசிக்கப்படவிருக்கும் வீட்டில் கூடிய அண்ணன் தம்பிகளை நம்பகமான கொலைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க எந்தப் புயலும் பனியும் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

அந்நியரின் கதை தமிழிலிருந்து முற்றாக மறைந்துவிடவில்லை. அது இரயிலுக்கும் விடுதிக்கும் இடம்பெயர்ந்தது. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சென்ற போட் மெயில் வண்டியில் பயணிகளின் நடுவே கிடந்த தகரப்பெட்டி மானாமதுரையில் திறக்கப்பட்டு, உள்ளே தலையற்ற உடல் காணப்பட்டபோது, ஆளவந்தார் கொலை வழக்கு என்று பெயர்பெற்ற அச்செய்தி நாளிதழ்களின் வழியே மாகாணம் முழுவதும் பரவியது. அந்தப் பெட்டியோடு இரவெல்லாம் பயணம் செய்தவர்களுள் எவருக்கும் இறந்தவரையோ கொன்றவரையோ தெரியாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் எழுதிக் குவித்த 1500க்கும் மேற்பட்ட நாவல்களில், பெரும்பகுதி மாத இதழ் வடிவில் பேருந்து நிலையத்துக் கடைகளில் விற்று, சேலத்துக்கும் கோவைக்கும் இடையிலான பேருந்துகளில் வாசிக்கப்பட்டது. முன்பின் அறியாதவரின் தோளோடு தோள் உரச அமர்ந்து, முன்பின் அறியாதவரால் நேர்ந்த கொலையைப் படித்துக்கொண்டே சென்ற அந்த வாசகர்கள் கடந்துபோன ஊர்களுள் பெருந்துறையும் ஒன்று.

(தொடரும்)